பிரெஞ்சு மருத்துவச் சொல்லைக் கிரேக்க, லத்தீன் வேர் வரை பிரிப்பது எப்படி? ‘கொலேசிஸ்தெக்தொமி’யை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பாரிஸைச் சுற்றியுள்ள ஊர்களில் நம் ஆட்களுக்கு வரும் ஆஸ்பத்திரிக் கடிதங்களைப் படித்துத் தமிழில் சொல்வது என் வேலைகளில் ஒன்று. அந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலருக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாகவே வரும். வாடகை ஒப்பந்தம், வரிக் கடிதம் எல்லாவற்றையும் சமாளித்துவிடுவார்கள். நீளமாக ஒரு மருத்துவச் சொல் வந்தால்தான் தடுமாற்றம். பாதிப்பேர் முதல் எழுத்துகளைப் பார்த்து ஊகிப்பார்கள். மீதிப்பேர் நேரே அகராதிக்குப் போய், அங்கே இருப்பதை அப்படியே ஒப்பிப்பார்கள். அடுத்த வாரம் அதே குடும்பத்துச் சொல் ஒன்று வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இங்கே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு கடைசி வரை பிரிக்கப் போகிறோம்: ‘கொலேசிஸ்தெக்தொமி’ (cholécystectomie), பித்தப்பையை வெட்டி எடுக்கும் அறுவை. பிரெஞ்சில் 16 எழுத்து. வழியில் வேறு சொற்களும் வரும், ஆனால் திரும்பத் திரும்ப இதற்கே வருவோம்.

ஒரு எச்சரிக்கை. வேர் தெரிந்தால் சொல் விளங்கும். நோயாளியின் நிலைமை விளங்காது. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

சொல்லின் அச்சிட்ட வடிவம். ஒரு பென்சில். கிரேக்க எழுத்துகளை அடையாளம் காணும் அளவுக்குப் பழக்கம். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

அகராதிகள் மூன்று போதும். பிரெஞ்சுக்கு ‘த்ரெஸோர் த லா லாங் ஃப்ரான்சேஸ்’; இது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிரேக்கத்துக்கு ‘பாய்யி’, லத்தீனுக்கு ‘காஃபியோ’. பின்னிரண்டும் பிரெஞ்சுப் பிள்ளைகள் பள்ளியில் தூக்கிச் சுமந்த தடிமனான புத்தகங்கள்.

இவற்றை இப்போதே திறக்காதீர்கள். எட்டாவது படியில்தான் தேவைப்படும். முதலில் திறந்தால் விடை கிடைத்துவிடும். பிரிக்கும் பழக்கம் வராது.

2. எழுத்தை வாங்குங்கள், காதை நம்பாதீர்கள்

போனில் கேட்டு எழுதிக்கொள்பவர்கள் விழும் முதல் குழி இது. பெருங்குடலை வெட்டி எடுப்பது ‘கொலெக்தொமி’. பித்தப்பையை எடுப்பது ‘கொலேசிஸ்தெக்தொமி’. இரண்டும் காதுக்கு ‘கொல்’ என்றுதான் தொடங்குகின்றன. எழுத்தில் முதலாவது ஸி மட்டும், இரண்டாவது ஸி-ஹெச். அந்த ஒரு ஹெச்சுக்குள் கிரேக்கத்தின் இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன: ‘கொலொன்’ என்றால் பெருங்குடல், ‘கொலே’ என்றால் பித்தம். தமிழில் எழுதினால் வேறுபாடு சுத்தமாகக் காணாமல் போய்விடும். எனவே குறிப்பேட்டில் பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி வையுங்கள்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் ஹெச் பிரெஞ்சில் ஒலிக்காது. ‘எப்பத்தித்’ என்று காதில் விழுந்தால் ‘எ’ வரிசையில் தேடாதீர்கள். அது ஹெச் வரிசையில் இருக்கிறது.

உச்சரிப்புக் குறிகளையும் விடாமல் எழுதுங்கள். ‘கொலே’யில் இருக்கும் அந்த ‘ஏ’யின் மேல் ஒரு கோடு உண்டு. இந்தக் கோடுகள் பல இடங்களில் கிரேக்க உயிரெழுத்து இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

3. வாலிலிருந்து தொடங்குங்கள்

குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இது வியாதியா, டெஸ்ட்டா, ஆபரேஷனா?” அதற்கு விடை சொல்வது சொல்லின் கடைசித் துண்டு. அதனால்தான் அங்கே தொடங்குகிறோம்.

‘எக்தொமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். கிரேக்கத்தில் ‘எக்’ என்றால் வெளியே, ‘தொமே’ என்றால் வெட்டு. ‘தொமி’ மட்டும் என்றால் கீறுதல், திறத்தல்; எதையும் எடுக்கவில்லை. ‘ஸ்தொமி’ என்றால் வாய் வைத்தல்: ‘ஸ்தொமா’ கிரேக்கத்தில் வாய். குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு திறப்பு வைத்தால் ‘கொலொஸ்தொமி’. இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நோயாளிக்கு மூன்றும் மூன்று வேறு வாழ்க்கை.

நோய் வால்களில் அதிகம் வருவது ‘இத்’. அழற்சி என்று பொருள். பழைய கிரேக்கத்தில் இது ஒரு பெயரடை. ‘நொஸொஸ்’ (நோய்) என்ற பெண்பால் சொல்லோடு சேர்ந்து வந்தது. நோய் என்ற சொல் உதிர்ந்துபோய் அடை மட்டும் நின்றுவிட்டது. ‘இத்’தில் முடியும் நோய்கள் எல்லாம் இன்றைக்கும் பிரெஞ்சில் பெண்பாலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். ‘அல்ஜி’ வலி. ‘எமி’ இரத்தத்தின் நிலை. ‘யுரி’ சிறுநீரின் நிலை. ‘ப்ளெஜி’ அடி விழுந்தது, அதாவது செயலிழப்பு. ‘ப்னே’ மூச்சு. ‘ஸ்கொப்பி’ உள்ளே பார்த்தல். இப்படி இருபது வால் தெரிந்தால் கடிதங்களில் வரும் பெரும்பாலான சொற்களுக்கு முதல் பதில் சொல்லிவிடலாம்.

‘ஓம்’ என்று முடிந்தால் உடனே கட்டி, புற்று என்று முகம் மாறாதீர்கள். ‘எமத்தோம்’ என்பது இரத்தம் கட்டியிருப்பது மட்டுமே.

4. தலையைப் பாருங்கள்

வால் தெரிந்தபின் நடுவுக்குப் போகாமல் முன்பக்கம் வாருங்கள். அங்கே ‘இல்லை’, ‘கூட’, ‘குறைவு’ என்று சொல்லும் முன்னொட்டு இருந்தால் முழுப் பொருளே தலைகீழாகும். ‘அனெமி’யில் ‘அன்’ என்றால் இல்லாமை. ‘இப்பெர்’ மிகுதி, ‘இப்போ’ குறைவு. இரண்டும் வேகமாகப் பேசும்போது ஒன்றுபோலவே கேட்கும்.

நம் சொல்லில் முன்னொட்டு இல்லை. ‘கொலே’ என்று நேரே பொருளில் தொடங்குகிறது.

தலைப்பகுதியில் இரட்டையர்கள் அதிகம். ‘எமி’ என்று தொடங்கினால் பாதி. ‘எமொ’ அல்லது ‘எமத்தொ’ என்று தொடங்கினால் இரத்தம். கிரேக்கத்தில் முதலாவது ‘ஹேமி’, இரண்டாவது ‘ஹைமா’. உயிரெழுத்தே வேறு. பிரெஞ்சுக்கு வந்ததும் இரண்டுக்கும் ஒரே கோடு போட்ட ‘எ’ ஆகிவிட்டது. ‘எமிப்ளெஜி’யை ஒருவர் “இரத்தத்தில் ஏதோ” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உடம்பின் ஒரு பாதி செயலிழப்பது. வாலில் வரும் ‘எமி’ இரத்தம், தலையில் வரும் ‘எமி’ பாதி என்று மனதில் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

இன்னொரு ஜோடி: ‘பெடியாத்ர்’ குழந்தை மருத்துவர், ‘பெடிக்யுர்’ பாதத்தைப் பார்ப்பவர். முதலாவது கிரேக்கத்தின் ‘பைஸ்’ (பிள்ளை). இரண்டாவது லத்தீனின் ‘பெஸ்’ (பாதம்). கிரேக்கத்தில் பாதத்துக்கு ‘பூஸ்’. அதிலிருந்து வந்தவர் ‘பொடொலொக்’. ஒரே தெருவில் மூன்று பெயர்ப் பலகையையும் பார்க்கலாம்.

5. நடுவில் வெட்டும் இடம்

இப்போது பென்சிலை எடுங்கள். வால் ‘எக்தொமி’, தலை ‘கொலே’. மிச்சம் ‘சிஸ்த்’.

இங்கே வழக்கமான தப்பு, ‘த்’தை வாலோடு சேர்த்து ‘ஸ்தெக்தொமி’ என்று வெட்டுவது. வாய் வைக்கும் ‘ஸ்தொமி’யின் நினைவு குழப்பிவிடும். ‘எக்தொமி’ உயிரெழுத்தில் தொடங்கும் என்பதைப் பிடித்துக்கொண்டால் ‘த்’ தானாக நடுத்துண்டுக்குப் போய்விடும்.

துண்டுகளுக்கு நடுவில் ‘ஒ’ ஒன்று அடிக்கடி வரும். அதற்குப் பொருள் இல்லை; ஒட்டுவதற்காக வருவது. அடுத்த துண்டு மெய்யில் தொடங்கினால் ‘ஒ’ நிற்கும், உயிரில் தொடங்கினால் விழுந்துவிடும். ‘காஸ்த்ரித்’தில் இல்லை, ‘காஸ்த்ரொஸ்கொப்பி’யில் இருக்கிறது. நம் உடம்படுமெய் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ய், வ் என்று வந்து நிற்பதைப் போல; வேலை ஒட்டுவது, இடம்தான் வேறு.

‘சிஸ்த்’ என்பது கிரேக்கத்தின் ‘கிஸ்திஸ்’. பை என்று பொருள். தனியாக வந்தால் பெரும்பாலும் சிறுநீர்ப்பை: ‘சிஸ்தித்’ சிறுநீர்ப்பை அழற்சி, ‘சிஸ்தெக்தொமி’ சிறுநீர்ப்பையை எடுப்பது. முன்னால் ‘கொலே’ இருந்தால்தான் பித்தப்பை. அவசரத்தில் அந்தத் தலையை விட்டுவிட்டால் வேறு உறுப்பையே எடுத்தவர்களாகிவிடுவோம்.

இதே ‘கிஸ்திஸ்’ இன்னொரு கதவு வழியாகவும் பிரெஞ்சுக்கு வந்திருக்கிறது. நீர்க்கட்டிக்குப் பெயர் ‘கிஸ்த்’, கே எழுத்தில். ஒரே வேர் ஸி-யிலும் கே-யிலும் எழுதப்படுவதைப் பார்த்து இரண்டு வேர் என்று நினைக்க வேண்டாம். சினிமாவும் பிசியோதெரபிஸ்டுக்கான ‘கினேஸித்தெராப்பெத்’தும் அப்படித்தான்: இரண்டிலும் இருப்பது அசைவு.

6. ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக மொழி கேளுங்கள்

சொல் முழுவதற்கும் ஒரே மொழி என்று முடிவு கட்டாதீர்கள். ‘அப்பேன்டிசித்’தில் முன்பாதி லத்தீன், வால் கிரேக்கம். உயர் இரத்த அழுத்தத்துக்கான ‘இப்பெர்தான்ஸியோன்’ நேர் எதிர்: தலை கிரேக்கம், உடல் லத்தீன். துண்டு துண்டாகத்தான் கேட்க வேண்டும்.

கிரேக்கத்தின் முதல் அடையாளம் ஒய் எழுத்து. பிரெஞ்சுக்காரர்கள் அந்த எழுத்தையே ‘இ கிரெக்’, அதாவது கிரேக்க இ, என்றுதான் சொல்கிறார்கள். இதற்குமேல் ஒரு துப்பு யார் தருவார்கள்? ‘சிஸ்த்’தில் அது இருக்கிறது. அப்புறம் பி-ஹெச், டி-ஹெச், ஆர்-ஹெச். ஸி-ஹெச் வழக்கமாகப் பிரெஞ்சில் ‘ஷ’. அது ‘க’ என்று ஒலித்தால் கிரேக்கம் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ‘கொலே’ அந்த வகை. ஆனால் ‘ஷ’ என்று ஒலித்தால் கிரேக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கான ‘ஷிருர்ஜி’ கிரேக்கத்தின் ‘கெய்ர்’ (கை), ‘எர்கொன்’ (வேலை) இரண்டும் சேர்ந்தது. கைவேலை, அவ்வளவுதான்.

பிரெஞ்சு எழுத்துமுறை சில இடங்களில் ஹெச்சைத் தூக்கி எறிந்துவிட்டது. கண் மருத்துவத்துக்கான ‘ஒஃப்தால்மொலொஜி’யில் இரண்டு ஹெச் இருக்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது. இரத்தப்போக்கு ‘எமொராஜி’யில் இரட்டை ஆருக்குப் பின் வர வேண்டிய ஹெச் இல்லை, கல்லீரல் நோயான ‘சிரோஸ்’ஸில் இருக்கிறது. ஹெச் இருந்தால் சாட்சி. இல்லாததை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

7. வேரின் இரண்டாவது வடிவத்தைத் தேடுங்கள்

இந்தப் படியில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘மரம்’ என்ற சொல் வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்து’ ஆகிறது. ‘மரமை’ என்று யாரும் சொல்வதில்லை. கிரேக்கமும் லத்தீனும் அப்படியே. தனியே நிற்கும்போது ‘ஹேப்பர்’ (கல்லீரல்). ‘கல்லீரலின்’ என்னும்போது ‘ஹேப்பத்தொஸ்’. பிரெஞ்சுச் சொற்களில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவம்தான்: ‘எப்பத்தித்’, ‘எப்பத்திக்’. அந்த ‘த்’ எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பலர் அதை வாலோடு சேர்த்துவிடுகிறார்கள்.

‘டெர்மா’ (தோல்) ‘டெர்மத்’ ஆகும். ‘ஹைமா’ ‘ஹைமத்’ ஆகும், ‘எமத்தோம்’ அதிலிருந்து. லத்தீனில் வாய்க்கும் எலும்புக்கும் ஒரே ‘ஓஸ்’தான், முன்னதில் உயிர் நெடில் என்பது மட்டுமே வித்தியாசம். வேற்றுமை ஏற்கும்போது வாய் ‘ஓரிஸ்’, எலும்பு ‘ஒஸ்ஸிஸ்’. வாய்வழி மருந்து ‘ஒரால்’ ஆவதும் எலும்பு சார்ந்தது ‘ஒஸ்ஸே’ ஆவதும் அதனால். அடுத்த படியில் அகராதியைத் திறந்தால், தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் இந்த வடிவம் கொடுத்திருப்பார்கள். அதைச் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

8. இப்போது அகராதி

துண்டுகளும் ஊகமும் கையில் இருக்கின்றன. பிரெஞ்சு அகராதியில் சொல்லைத் திறந்து, பதிவின் அடியில் சொற்பிறப்பு என்று தொடங்கும் பகுதிக்கு நேரே போங்கள். அங்கே இருக்கும் சுருக்கக் குறிகள்தான் முக்கியம். ‘கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கியது’ என்று இருந்தால் பழைய கிரேக்கரே அந்தச் சொல்லைச் சொன்னார்கள். ‘இன்னின்ன துண்டுகளால் ஆனது’ என்று இருந்தால் பிற்காலத்தார் கிரேக்கச் செங்கலை வைத்துக் கட்டியது. பல புதியவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. பித்தப்பையை வெட்டி எடுக்கும் அறுவையை முதலில் செய்தவர் பெர்லினில் கார்ல் லாங்கென்புஹ், 1882இல். எனவே ‘கொலேசிஸ்தெக்தொமி’ பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் காலத்துச் சொல்லாக இருக்க வழியில்லை.

கட்டியவரின் கண்ணுக்கு எது பட்டது என்பதையும் சில பதிவுகள் காட்டும். ‘சிரோஸ்’ என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் லெனெக், 1819இல். ‘கிர்ரொஸ்’ என்றால் மஞ்சள் கலந்த பழுப்பு. நோயுற்ற கல்லீரலின் நிறம் அது. காரணமோ, மதுவோ அந்தப் பெயரில் எங்கும் இல்லை. இதே லெனெக்தான் தான் கண்டுபிடித்த கருவிக்கு ‘ஸ்தெத்தொஸ்கோப்’ என்று பெயரிட்டார்: ‘ஸ்தேத்தொஸ்’ மார்பு, ‘ஸ்கொப்பெய்ன்’ பார்த்தல். காதில் வைத்துக் கேட்கும் கருவிக்குப் பார்க்கும் பெயர்!

9. வீட்டுச் சொல்லைப் பக்கத்தில் வையுங்கள்

ஒரே உறுப்புக்குப் பிரெஞ்சில் இரண்டு மூன்று பெயர் இருக்கும். சிறுநீரகம் பேச்சில் ‘ரேன்’, பெயரடை ‘ரெனால்’, அழற்சி வந்தால் ‘நெஃப்ரித்’. முதல் இரண்டும் லத்தீனின் ‘ரேன்’; முதலாவது பேச்சில் தலைமுறை தலைமுறையாக வந்தது, இரண்டாவது புத்தகத்திலிருந்து எடுத்தது. மூன்றாவது கிரேக்கத்தின் ‘நெஃப்ரொஸ்’. நோயாளி முதல் சொல்லைச் சொல்வார், டாக்டர் மூன்றாவதை எழுதுவார். இரண்டும் ஒரே இடம் என்று சொல்வதுதான் நம் வேலை.

கல்லீரலின் கதை எனக்குப் பிடித்தது. பேச்சுப் பிரெஞ்சில் ‘ஃபுவா’. லத்தீனில் கல்லீரலுக்கு உண்மையான பெயர் ‘இயெக்குர்’. அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்க வைத்த பறவையின் ஈரலை ‘அத்தி ஊட்டிய ஈரல்’, ‘இயெக்குர் ஃபிக்காத்தும்’ என்றார்கள். காலப்போக்கில் ஈரல் போய், ‘அத்தி ஊட்டிய’ என்பது மட்டும் நின்று, தேய்ந்து ‘ஃபுவா’ ஆயிற்று. மேலே ‘இத்’துக்கு நடந்த அதே சங்கதி. ‘ஃபுவா’வையும் ‘எப்பத்திக்’கையும் ஒலியை வைத்து ஒரே வேரில் சேர்க்க முயன்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள், சேராது.

நம் சொல்லுக்கு வருவோம். பித்தப்பைக்கு மக்கள் சொல்லும் பெயர் ‘வெஸிக்யுல் பிலியேர்’. ‘வெஸிக்யுல்’ லத்தீனில் சின்னப் பை. ‘பிலிஸ்’ பித்தம். ஆக, கிரேக்கம் சொன்னதையே லத்தீனும் சொல்லியிருக்கிறது. தமிழும் அதையே சொல்கிறது.

10. தமிழ் வரிசையில் படியுங்கள்

பிரெஞ்சில் இந்த அறுவையை விரித்துச் சொன்னால் வரிசை இப்படி வரும்: நீக்கம், பை, பித்தம். கிரேக்கத் துண்டுகளின் வரிசையோ பித்தம், பை, நீக்கம். அதாவது பித்தப்பை நீக்கம். ஒரு துண்டைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. பிரெஞ்சில் நன்றாகப் பழகியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். மனதில் முதலில் பிரெஞ்சு வாக்கியமாக்கி, அப்புறம் அதைத் தமிழாக்குகிறார்கள். நடுவில் ஒரு மொழி எதற்கு? பிரித்த துண்டுகளின் மேல் நேரே தமிழை எழுதுங்கள்.

11. இன்றைய பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

கடைசிப் படி இது. விடக் கூடாத படியும் இதுதான். ‘ஆன்ஜின்’ என்று டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து மாரடைப்பு என்று அழுத வீடு ஒன்று எனக்குத் தெரியும். ஆங்கிலம் தெரிந்த ஒரு தம்பி செய்த வேலை. பிரெஞ்சில் ‘ஆன்ஜின்’ தொண்டை அழற்சி. நெஞ்சு என்றால் ‘ஆன்ஜின் த புவாத்ரின்’ என்று சேர்த்து எழுதுவார்கள். லத்தீன் வேர் இரண்டுக்கும் ஒன்றே: நெரித்தல். தொண்டையையும் நெரிக்கும், நெஞ்சையும் நெரிக்கும். வேர் சரியாக இருந்தும் விடை தப்பாகப் போகும் இடம் இது.

‘கொலிக் எப்பத்திக்’ இன்னும் மோசம். வேரைப் பார்த்தால் பெருங்குடலும் கல்லீரலும். உண்மையில் பித்தப்பைக் கல் பித்தக்குழாயில் அடைக்கும்போது வரும் வலி. பெயரில் பித்தமும் இல்லை, பையும் இல்லை. இந்தச் சொல்லுக்குப் பின் சில வாரத்தில் ‘கொலேசிஸ்தெக்தொமி’ என்று கடிதம் வந்தால், இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு கட்டம் என்பது வேரை மட்டும் பார்த்தவருக்குத் தெரியவே தெரியாது.

12. முழு வரியில் செய்து பாருங்கள்

கடிதத்தில் அந்தச் சொல் தனியாக வராது. ‘கொலேசிஸ்தெக்தொமி பார் சேலியொஸ்கொப்பி’ என்று வரும். ‘பார்’ வழியாக. வால் ‘ஸ்கொப்பி’, பார்த்தல். தலை ‘சேலியொ’; அதன் கடைசி ‘ஒ’ ஒட்டுவதற்காக வந்தது. ‘ச’ என்று ஒலித்தாலும் எழுத்து ஸி, அதை அடுத்து ஓ-வும் ஈ-யும் ஒட்டிய இரட்டை எழுத்து. அந்த இரட்டை எழுத்து, கிரேக்கத்தில் ‘ஒ’வும் ‘இ’யும் சேர்ந்த ஒலி லத்தீன் வழியாக வந்ததன் அடையாளம். பின்னோக்கிப் போனால் ‘கொய்லியா’: வயிறு, உட்குழி. வீக்கத்துக்கான ‘எடேம்’ என்ற சொல்லிலும் அதே இரட்டை எழுத்து, அதே காரணம்.

அகராதியிலும் சரிபார்த்துவிட்டு நான் குடும்பத்தாரிடம் சொல்வது இது: “வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்துவிடுவார்கள்.” அந்த அம்மா அடுத்துக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “கல்லை மட்டும் எடுக்க மாட்டாங்களா?” மறுபடியும் வாலைக் காட்டுங்கள். ‘எக்தொமி’ என்று எழுதியிருக்கிறது அம்மா, பையோடு சேர்த்துத்தான். ஏன் என்பதை டாக்டரிடம் கேட்போம்.